தலைவலிக்கு ஒரு நாட்காட்டி

மொரப்பூர் இரயில் நிலையத்தில் காலை வண்டிக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் ஒரு பெண்மணியை எண்ணிக் கொள்ளுங்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். சேலத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். விடியுமுன் எழுந்து வீட்டில் உள்ளவர்களுக்குச் சமைத்து வைத்துவிட்டு, தாம் ஒன்றும் உண்ணாமல் ஒரு டம்ளர் காப்பியோடு ஓடி வருபவர். அவருடைய கைப்பையில் சீப்பு, சில்லறை, பருவச்சீட்டு ஆகியவற்றோடு எப்பொழுதும் ஒரு மாத்திரை அட்டையும் இருக்கும். பத்தாண்டுகளுக்கு முன் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்த தலைவலி, இப்பொழுது வாரத்தில் நான்கு நாள் வருகிறது. அன்று ஒரு மாத்திரையில் அடங்கியது, இன்று இரண்டு போட்டும் அடங்குவதில்லை. வலி கூடிவிட்டது, ஆகவே மாத்திரையும் கூடிவிட்டது என்று அவர் நினைக்கிறார். இது பாதி உண்மை. மாத்திரை கூடியதாலும் வலி கூடியிருக்கலாம் என்பது மறுபாதி. அந்த மறுபாதியை அறியாதவரை அவருக்கு விடிவு இல்லை.

இந்தப் பெண்மணி கற்பனைதான். ஆனால் அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பது கற்பனையன்று. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பறிவியல் நிறுவனத்தின் மருத்துவர்கள், அந்நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் 2,329 பேரை அவரவர் வீட்டிலேயே கண்டு விசாரித்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஓராண்டுக் காலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இஃது உலகச் சராசரியைவிட மிகுதி. நமது தருமபுரி மாவட்டம் கருநாடக எல்லையை ஒட்டியது. எல்லைக் கல்லைத் தாண்டியதும் தலைவலி மாறிவிடும் என்று நினைக்கக் காரணமில்லை.

பித்தமா, நீரா, சைனசா?

இத்தனை பேருக்கு இருந்தும் இந்நோய் தன் சொந்தப் பெயரில் அறியப்படுவது குறைவு. வாந்தி வருவதால் பலர் இதைப் பித்தத் தலைவலி என்பர். மூக்கு அடைத்துக் கண்ணில் நீர் வடிந்தால் தலையில் நீர் கோத்துக் கொண்டது என்பர். சற்றுப் படித்தவர்கள் சைனஸ் என்பர். கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பார்வைக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக் கொள்பவர்களும் உண்டு. பெயரிலும் ஒரு சங்கடம். 'ஒற்றை' என்று சொல்லிவிட்டதால், இரு பக்கமும் வலிப்பவர்கள் தமக்கு இந்நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பலருக்கு இருபுறமும் வலிக்கும்.

அடையாளம் இதுதான். வலி துடிப்பாகத் தெறிக்கும், மருந்தின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி வரை நீடிக்கும், படியேறினால், குனிந்தால் கூடும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்காது. தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு இருட்டறையில் சுருண்டு படுத்திருப்பவரைக் கண்டால், மற்றச் சோதனைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில், சைனஸ் தலைவலி என்று தாமாகவோ மருத்துவர் சொல்லியோ நம்பியிருந்த 2,991 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகையே என்று 2004இல் அறிவித்தனர். மூக்கடைப்பும் கண்ணீரும் பொய்யல்ல. வலியைச் சுமக்கும் நரம்பு, கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்கின் சவ்வுக்கும் செல்லும் நரம்புகளை அனிச்சையாகத் தூண்டிவிடுகிறது. விளைவைக் காரணம் என்று நாம் பிழையாகப் படிக்கிறோம்.

மண்டைக்குள் நடப்பது

மூளையை அறுத்தால் மூளைக்கு வலிக்காது. வலி உணர்வது மூளையைப் போர்த்தியிருக்கும் உறையும், அவ்வுறையில் ஓடும் இரத்தக் குழாய்களுமே. அங்கிருந்து செய்தியை ஏந்தி வருவது முக்கிளை நரம்பு. நெற்றி, கன்னம், தாடை ஆகிய மூன்று பகுதிகளுக்கும் கிளை விடுவதால் இப்பெயர்.

நெடுங்காலம் இந்நோய் இரத்தக் குழாய் விரிவதால் மட்டுமே வருகிறது என்று கருதப்பட்டது. 1938இல் கிரகாம், வுல்ஃப் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் எர்காட்டமின் என்ற மருந்தைக் கொடுத்து, நெற்றிப் பொட்டில் நாடித் துடிப்பு தணியத் தணிய வலியும் தணிவதைக் காட்டினார்கள். எர்காட் என்பது ரை தானியக் கதிரில் வளரும் ஒரு பூஞ்சை. நம் பக்கத்துக் கம்பங்கொல்லைகளில் கதிரிலிருந்து பிசுபிசுப்பாக ஒழுகுமே, தேன் ஒழுகல் நோய், அதைச் செய்வது இப்பூஞ்சையின் நெருங்கிய உறவு. உறவேயானாலும் அதில் உள்ள வேதிப்பொருள்கள் வேறு. அதைத் தின்றால் மயக்கமும் வாந்தியுமே மிஞ்சும்.

இரத்தக் குழாய்க் கதை முழுமையன்று என்பதற்கு முதல் தடயம் ஒருவருடைய கண்ணிலேயே கிடைத்தது. சிலருக்கு வலி தொடங்குமுன் பார்வையின் நடுவே ஒரு சிறு ஒளிப்புள்ளி தோன்றி, கோட்டை மதில்போல் கோணல்மாணலாக விரிந்து, இருபது முப்பது நிமிடங்களில் ஓரத்துக்குச் சென்று மறையும். லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலறிஞருக்கு இது அடிக்கடி வந்தது. அவர் அலறி ஓடவில்லை. தாளை எடுத்து, நிமிடத்துக்கு நிமிடம் அந்த வளைவு எங்கே நிற்கிறது என்று வரைந்தார். பார்வைக்கான பெருமூளைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்கிறது என்று 1941இல் கணக்கிட்டுச் சொன்னார். மூன்றாண்டுகள் கழித்து, பிரேசில் நாட்டு லேயாவோ, முயல்களின் மூளைப் புறணியில் ஏறத்தாழ அதே வேகத்தில் பரவும் ஒரு மின் அலையைக் கண்டார். நரம்பணுக்கள் ஒரு கணம் பொங்கி, பின் சில நிமிடங்கள் ஓய்ந்து கிடக்கின்றன. அந்த ஓய்வு குளத்து அலைபோல் நகர்கிறது. ஒருவர் இன்னொருவரைத் தேடாமலே இருவரும் ஒன்றையே அளந்திருந்தனர்.

ஆகவே ஒற்றைத் தலைவலிக்காரரின் மூளை எளிதில் கிளர்ச்சியுறும் மூளை. இது பெரும்பாலும் பிறவியிலேயே, குடும்ப வழியில் வருவது. கிளர்ச்சி எழுந்ததும் முக்கிளை நரம்பின் நுனிகள் சி.ஜி.ஆர்.பி. எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு சிறு புரதத்தைச் சிந்துகின்றன. அது குழாய்களை விரிக்கிறது. வலிச் செய்தியைப் பெருக்குகிறது. வலி வரும்போது கழுத்துச் சிரையின் இரத்தத்தில் இப்பொருள் கூடியிருப்பதை கோட்ஸ்பி, எட்வின்சன் ஆகிய இருவரும் 1990இல் காட்டினார்கள். வலி ஓரிரு மணி நேரம் நீடித்துவிட்டால் மூளைத்தண்டிலுள்ள அணுக்களும் கூர்மையடைந்து விடுகின்றன. அப்பொழுது தலையில் சீப்பு பட்டாலும் வலிக்கும்; பூ வைத்தாலும் வலிக்கும். பூச்சூட முடியாத தலைவலி என்று ஒரு பெண் சொன்னால், அதை மிகைப்பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. நரம்பியலின் ஒரு பாடத்தையே அவர் சொல்கிறார்.

மாத்திரையே வலியாகும் கதை

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அவற்றில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்பர். வாரத்தில் நான்கு நாள் என்ற நம் பெண்மணி இந்த எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டார்.

அவர் எப்படி இங்கு வந்து சேர்ந்தார்? ஒரு பகுதி விடை, கைப்பையிலுள்ள அட்டையில் இருக்கிறது. எர்காட்டமினை அடிக்கடி உட்கொள்பவர்களுக்குத் தலைவலி அன்றாடமாகிவிடுவதையும், மருந்தை நிறுத்தியபின் குறைவதையும் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த இருவர் 1951இலேயே எழுதினர். பின்னர் சாதாரண வலிநிவாரணிகளும் இதையே செய்வது தெரிந்தது. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மூட்டு வாதத்துக்காக நாள்தோறும் வலி மாத்திரை உண்பவர்களை ஆராய்ந்தபோது, ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி இருந்தவர்களுக்குத்தான் நாள்தோறும் தலைவலி உண்டாயிற்று; மற்றவர்கள் எத்தனை மாத்திரை உண்டும் அவர்கள் தலை வலிக்கவில்லை. ஆக, மாத்திரை தானாகத் தலைவலியை உண்டாக்குவதில்லை. கிளர்ச்சிக்கு ஆயத்தமான மூளையில் அது வலியின் வாசலை மேலும் தாழ்த்துகிறது. மருந்தின் வேகம் இறங்கும்போது வலி எட்டிப் பார்க்கிறது. அதற்கு அடுத்த மாத்திரை. அது இறங்கும்போது மீண்டும் வலி.

எல்லை எவ்வளவு? பாராசிட்டமால், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை தனித்தனியே என்றால் மாதத்துக்கு 15 நாள். பாராசிட்டமாலோடு காஃபீன் சேர்ந்தவை போன்ற கூட்டு மாத்திரைகள், எர்காட்டமின், டிரிப்டான் என்றால் 10 நாள். இவ்வளவு நாள் உண்பது மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் ஆபத்து. இங்கே கவனிக்க வேண்டியது மாத்திரைகளின் எண்ணிக்கையன்று, நாள்களின் எண்ணிக்கை. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் கணக்கில் ஒன்றுதான். இரண்டு நாளில் ஒவ்வொன்றாகப் போட்டால் இரண்டு. பெட்டிக்கடையில் வாங்கும் மாத்திரையில் காஃபீன் இருக்கிறதா என்பதை அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உதிரியாகக் கத்தரித்து வாங்கினால் அதுவும் இருக்காது.

இதனால் யாரும் குற்றவாளி ஆகிவிடவில்லை. வலித்தால் மாத்திரை போடு என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். எத்தனை நாளுக்கு என்று சொல்வாரில்லை.

பால் கணக்கோடு ஒரு கணக்கு

மருத்துவரிடம் போனால் அவர் கேட்கும் முதற்கேள்வி, மாதத்தில் எத்தனை நாள் வலிக்கிறது என்பது. "அடிக்கடி" என்பதுதான் வழக்கமான விடை. இவ்விடையை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. மளிகைக் கடையில் ஆண்டுதோறும் கொடுக்கும் மாத நாட்காட்டி போதும். பால் கணக்கு எழுதுகிறோமே, அதே தாள். வலித்த நாளில் ஒரு கோடு. மாத்திரை போட்ட நாளில் ஒரு சுழி. மாதவிலக்கு நாளுக்கு ஒரு புள்ளி. காலையுணவு தவறியது, தூக்கம் கெட்டது, வெயிலில் அலைந்தது, தலைக்குக் குளித்தது ஆகியவற்றை ஒரு சொல்லில் குறிக்கலாம். ஒரு மாதம் முடிந்ததும் கோடுகளையும் சுழிகளையும் தனித்தனியே எண்ணுங்கள். நம் பெண்மணியின் தாளில் பதினேழு கோடும் பதினைந்து சுழியும் இருந்தால், நோயின் பாதி விவரம் மருத்துவருக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

தூண்டும் காரணங்களையும் தாள் காட்டிக் கொடுக்கும். பட்டினி, தூக்கக் குறைவு, அளவுக்கு மீறிய தூக்கம், கண்கூசும் வெயில், மாதவிலக்கின்போது பெண்மைச் சுரப்புநீர் சட்டென்று இறங்குவது ஆகியவை உலகெங்கும் உள்ளவை. நம் நாட்டுக்கே உரிய ஒன்றை மும்பை மருத்துவர் கே. இரவிசங்கர் 2006இல் எழுதினார். தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று கூறிய 94 இந்திய நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது. மேல்நாட்டுப் புத்தகங்களின் பட்டியலில் அது இடம் பெற்றிருக்கவில்லை. நம் வீட்டுப் பாட்டிகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்ததுதான். நீர் கோத்துக் கொள்வது என்ற விளக்கம் பிழை, கவனித்தது சரி. அப்படிப்பட்டவர்கள் குளிக்காமல் இருக்க வேண்டியதில்லை. பட்டினியாக இருக்கும் நாளிலோ, மாதவிலக்கு நாளிலோ, வண்டிக்கு ஓடும் அவசரத்திலோ தலைக்குக் குளிக்காமல் ஓய்வு நாளில் குளித்து, கூந்தலை நன்றாக உலர்த்திக் கொள்வது நல்லது. ஒரு காரணம் தனியே வந்தால் தாங்கும் மூளை, இரண்டு மூன்று கூடும்போதுதான் பெரும்பாலும் இடறுகிறது. இரயிலின் நேரத்தை மாற்ற முடியாது. ஆனால் இரண்டு இட்டிலியைப் பொட்டலமாகக் கட்டி வண்டியில் உண்ணலாம். இது சிறிய காரியம்தான். மருந்துக்கு இது மாற்று என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மருந்து இரு வகை

வந்த வலியை நிறுத்தும் மருந்து ஒன்று. வராமல் தடுப்பது மற்றொன்று. இவ்வேறுபாடு நம்மவர்களுக்கு அதிகம் தெரியாது.

வந்த வலிக்கு மருந்தைத் தொடக்கத்திலேயே உட்கொள்ள வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தாங்காமல் போனபின் போடுவது பயன் தராது. காரணம், வலியின்போது இரைப்பையின் அசைவு மந்தமாகி மாத்திரை குடலுக்குச் செல்லாமல் தங்கிவிடுகிறது. வாந்தியும் அதனோடு சேர்ந்ததே. ஆகவே குமட்டலை நிறுத்தும் மருந்தையும் மருத்துவர்கள் உடன் தருவர். சாதாரண வலிநிவாரணிக்கு அடங்காதவர்களுக்கு, 1990களில் பரவலான சுமாட்ரிப்டான் வகை உண்டு. இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது கூடாது. எதுவாயினும் சுழிகளின் எண்ணிக்கை எல்லையைத் தாண்டக் கூடாது. சீக்கிரம் போடு, அடிக்கடி போடாதே என்ற இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதுபோல் தோன்றும். மாதத்தில் பதினேழு நாள் வலிப்பவருக்கு உண்மையிலேயே மோதும். அங்கேதான் தடுப்பு மருந்து தேவை.

தடுப்பு மருந்துகளில் பழமையானதொன்று தற்செயலாகக் கிடைத்தது. இதய வலிக்காக ப்ரொப்ரனோலால் கொடுக்கப்பட்ட ஒரு நோயாளிக்கு அவரது தலைவலியும் குறைந்ததை மருத்துவர்கள் கவனித்து 1966இல் எழுதினார்கள். இம்மருந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபெல் பரிசு பெற்றார்; அது தலைவலிக்காக அன்று. மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், வலிப்பு நோய்க்கான டோபிரமேட், வால்ப்ரோயேட் ஆகியவையும் இவ்வாறே வேறு துறையிலிருந்து இங்கு வந்தவை. மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்துவிட்டார், எனக்கென்ன பைத்தியமா என்று சினந்து சீட்டைக் கிழிப்பவர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும். குறைந்த அளவில் அது வலியின் வாசலை உயர்த்தவே தரப்படுகிறது. இவற்றில் பல விலை மலிந்தவை. ஆனால் தாமாக வாங்கி உண்ணத்தக்கவை அல்ல: ப்ரொப்ரனோலால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது, வால்ப்ரோயேட்டும் டோபிரமேட்டும் கருவுக்குக் கேடு செய்யும். இவை அன்றைய வலிக்குப் பயன்படாது. நாள்தோறும் உண்டு, இரண்டு மூன்று மாதம் கழித்தே பலனைத் தீர்மானிக்க வேண்டும். பத்து நாளில் வலி நிற்கவில்லை என்று விட்டுவிடுவதே இம்மருந்துகள் தோற்பதற்குப் பெருங்காரணம் என்பது என் கருத்து.

சி.ஜி.ஆர்.பி. ஆராய்ச்சி இன்று கனிந்திருக்கிறது. அப்புரதத்தையோ அது சென்று அமரும் ஏற்பியையோ மறிக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் வந்துள்ளன. இவை ஒற்றைத் தலைவலிக்கென்றே திட்டமிட்டுப் படைக்கப்பட்ட முதல் தடுப்பு மருந்துகளின் வரிசை. அதற்கு வழிவகுத்த நால்வர்க்கு 2021இல் டென்மார்க் நாட்டு மூளைப் பரிசு அளிக்கப்பட்டது. நாள்பட்ட நிலைக்கு, தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் போட்டுலினம் நச்சை நுண்ணளவில் செலுத்தும் முறையும் 2010 முதல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டுள்ளது. இரண்டும் விலையால் நம்மில் பெரும்பாலோர்க்கு எட்டாதவை. ஆனால் அவற்றை எண்ணி ஏங்குமுன், மலிவான மருந்தை உரிய அளவில் உரிய காலம் உண்டோமா என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

நிறுத்தும் பத்து நாள்

பதினைந்து சுழி போட்ட நம் பெண்மணி அட்டையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதலில் வலி கூடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே அவர் கடைக்குத் திரும்பிவிடுவார். இரண்டு முதல் பத்து நாள் வரை வலியும் குமட்டலும் தூக்கமின்மையும் இருக்கலாம்; பின் படிப்படியாகத் தணியும். அந்நாள்களில் விடுப்பு எடுக்க முடிந்தால் நல்லது. வீட்டிலுள்ளோர் காலைச் சமையலை ஏற்றுக்கொண்டால் அதைவிட நல்லது. நிறுத்துவதோடு தடுப்பு மருந்தையும் அன்றே தொடங்குவது நல்ல பலன் தருகிறது என்று 2020இல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டிய காரியம் இது. தூக்க மருந்தோ அபினிச் சார்புடைய மருந்தோ கலந்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது தீங்கு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். வேண்டுமாயின் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவர்.

எல்லாத் தலைவலியும் இதுவன்று. வாழ்நாளில் கண்டிராத வேகத்தில் இடிபோல் இறங்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் வரும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் வலி, கருவுற்ற காலத்தில் புதிதாக வரும் வலி என்றால் நாட்காட்டியெல்லாம் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றவர்கள் மூன்று மாதத் தாள்களைக் கிழிக்காமல் வைத்திருங்கள். கோடுகள் பாதியாகக் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. மருத்துவர் அதைச் சில மாதங்கள் தொடர்ந்து கொடுத்து, பின் மெல்லக் குறைப்பார். குறையவில்லை என்றால் வேறொரு மருந்துக்கு மாற்றுவார். அப்பொழுது, முன்பு எதை, என்ன அளவில், எத்தனை நாள் உண்டீர்கள் என்று கேட்பார். அந்த விவரத்தையும் தாளின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். பால் கணக்கு நடுவே இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே கொண்டு போய்க் காட்டலாம்.